நாலு டிஸ்க்குக்குச் சந்தனப் பொட்டு

என் அக்கா மகளுக்கு அவளுடைய அப்பாவின் குரல் தெரியாது. அவள் எட்டு மாதக் கைக்குழந்தையாக இருந்தபோது மச்சான் கரி லோடு ஏற்றிப்போன லாரி கவிழ்ந்துவிட்டது. முகம் தெரியும் அவளுக்கு. கல்யாண ஆல்பத்தில் இருக்கிறது, கல்யாண வீடியோவில் இருக்கிறது. குரல்தான் எங்கேயும் இல்லை. ஏழெட்டு வயதில் ஒருநாள் என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, “மாமா, எங்கப்பா மாதிரி பேசிக் காட்டுங்க” என்றாள். நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு, கட்டைக் குரலில், “என்ன மாப்ளே, இன்னைக்கும் பஸ்ஸ விட்டுட்டியா?” என்று மச்சான் என்னைக் கேட்பதுபோலவே கேட்டுக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, “போங்க மாமா, இது உங்க குரலுதான்” என்று இறங்கிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவேயில்லை.

அந்தக் கல்யாண வீடியோவை எடுத்தவன் நான்தான். அதில் குரல் இல்லாமல் போனதற்கும் நான்தான் காரணம். அருப்புக்கோட்டையில் வீடியோக் கடை வைத்து முப்பது வருஷத்துக்குப் பக்கம் ஆகிறது. அந்தக் காலத்துக் கல்யாண கேசட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஜனங்கள் பேசுவது, மேளச் சத்தம், குலவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை சினிமாப் பாட்டாகப் போட்டுத் தருவோம். அசல் கேசட்டில் அடுத்த கல்யாணத்தை எடுத்துவிடுவோம். அதுதான் வாடிக்கை. யார் நல்ல பாட்டாகப் போடுவது என்பதில்தான் எங்களுக்குள் போட்டியே. சொந்த அக்கா கல்யாணம் என்பதால் நான் கடைகடையாக அலைந்து பாட்டுத் தேடினேன். அந்த கேசட்டில் மச்சான் ஒரு மணி நேரம் வாயசைக்கிறார், சிரிக்கிறார், யாரையோ அதட்டுகிறார். எல்லாவற்றுக்கும் பாட்டுதான் வருகிறது.

ஆனாலும் அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆசையாக இருக்கிறது. தோளில் வைக்கிற பெரிய கேமரா. பின்னாலேயே ஹாலஜன் லைட்டும், அதற்கு முப்பதடி ஒயரும். லைட்டைப் போட்டதும் பந்தியில் இருக்கிறவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். “சாப்பிடுங்கய்யா, போட்டோ இல்ல, வீடியோ” என்று கத்தவேண்டும். வீரசோழனில் நிக்காஹ் என்றால் கேமராவைத் தொடவே விடமாட்டார்கள், முதலில் பிரியாணி சாப்பிட்டாக வேண்டும். சாப்பிட்டு எழுந்த பிறகு எவன் கேமராவைத் தூக்குவது? பாலவனத்தத்தில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பா, தான் சிரித்தால் பல் தெரிகிறது என்று தாலி கட்டும் நேரத்தில்கூட என்னை முறைத்துக்கொண்டே நின்றார். அவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. என் கேசட்டுக்குள் மட்டும் வந்து போய்க்கொண்டு இருக்கிறார்கள்.

அதனால்தான் போன வருஷம், இருக்கிற கேசட்டையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவது என்று உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்து வெயிலும் கரிசல் தூசியும் கேசட்டை விட்டுவைக்காது. கால்வாசி கேசட்டில் வெள்ளையாகப் பூஞ்சை. ஒவ்வொன்றாகத் துடைத்துப் போட்டுக்கொண்டே வந்தபோது, பரணில் துணிமூட்டைக்குப் பின்னால் ஒரு கேசட் அகப்பட்டது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. நானே அங்கே ஒளித்து வைத்ததுதான்.

விஷயம் இதுதான். அக்கா கல்யாணத்தன்று நான் தொழிலுக்குப் புதுசு. அந்தக் கேமராவில் பதிவு செய்வதற்கும் நிறுத்துவதற்கும் ஒரே பொத்தான். நான் தலைகீழாக அமுக்கிவிட்டேன். கேமராவைத் தோளில் வைத்து மாப்பிள்ளை அழைப்பை எடுத்தபோதெல்லாம் அது சும்மா இருந்திருக்கிறது. கேமராவைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நான் பந்தலில் நின்றபோதெல்லாம் அது ஓடியிருக்கிறது. தாலி கட்டுவதற்குள் யாரோ சிவப்பு லைட்டைப் பார்த்துச் சொன்னதால் மானம் தப்பியது. வீட்டில் போட்டுப் பார்த்தபோது டிவி முழுக்கக் கால், செருப்பு, பந்தக்கால், ஒரு நாய். எங்கப்பா, “மாப்பிள்ளை அழைப்பு எங்கலே? செருப்புக்கடை வீடியோவாலே எடுத்த?” என்று அடிக்க வந்துவிட்டார். அஞ்சு நிமிஷம்கூட ஓடவிடவில்லை. அந்த கேசட்டைத்தான் ஒளித்து வைத்தேன்.

இப்போது அதை முழுசாக ஓடவிட்டேன். கால்களுக்கு நடுவில் புதுச் செருப்பு போட்ட இரண்டு கால். மேலேயிருந்து ஒரு கட்டைக் குரல். பாட்டுப் போடாத கேசட்டு அல்லவா, அப்படியே இருக்கிறது. மச்சான்தான். யாரிடமோ என்னென்னவோ பேசிக்கொண்டு நிற்கிறார். பஸ் வந்ததா, பாய் சாப்பிட்டாரா, மேளக்காரருக்குக் காப்பி குடுத்தாச்சா என்று மாப்பிள்ளைப் பேச்சு. நான் அந்த இருபது நிமிஷத்தையும் அழுதுகொண்டே கேட்டேன். என் பெண்டாட்டி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து, “யாருக்கு என்னங்க ஆச்சு?” என்று பதறிவிட்டாள்.

அக்காவுக்குப் போன் போட்டேன். பரளச்சியில்தான் இருக்கிறாள். விஷயத்தைச் சொன்னேன். “அவகிட்ட இப்ப சொல்லாதலே தம்பி” என்றாள். “தையில கல்யாணம் வச்சிருக்கு. அன்னைக்குக் காலையில அவ அப்பா குரலக் கேட்டுட்டு மணவறைக்குப் போகட்டும்.” சரி என்றேன். நல்லா ஒரு தடவை ஏற்றியாயிற்று, இன்னும் தெளிவாக வருமா என்று இரண்டாவது தடவை போட்டேன் பாருங்கள், அங்கேதான் என் புத்தி. பிளேயர் டேப்பை இழுத்து மென்றுவிட்டது. பூஞ்சை பிடித்த நாடா, கையில் எடுத்தால் தூளாக வருகிறது. ஆக அந்தக் குரல் உலகத்திலேயே ஒரே இடத்தில், என் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலாக மட்டும் இருந்தது.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஏற்கெனவே ஒரு ஹார்ட் டிஸ்க் கீழே விழுந்து, ஒரு குடும்பத்துக் கல்யாணமே போய், அவர்கள் முகத்தில் விழிக்க முடியாமல் நான் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு போனவன். ஒரே டிஸ்க்கை நம்பக்கூடாது என்று முடிவு செய்தேன். மதுரையில் சர்வீஸ் சென்டர் வைத்திருக்கிற ஒரு தம்பி, பழைய சர்வரில் கழற்றிய ரெய்டு கார்டு ஒன்று கொடுத்தான். நாலு டிஸ்க்கை அந்தக் கார்டில் மாட்டினால் கம்ப்யூட்டருக்கு ஒரே பெரிய டிஸ்க்காகத் தெரியும். ஒன்று செத்தாலும் மற்ற மூன்றையும் வைத்துக் கார்டே கணக்குப் போட்டுச் செத்ததில் இருந்ததைத் திருப்பி எழுதிவிடும். முன்பக்கம் நாலு டிரே, இழுப்பறை மாதிரி. கம்ப்யூட்டர் ஓடும்போதே ஒன்றை உருவிவிட்டு வேறு மாட்டலாம். எனக்கு அதைக் கேட்டதும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அரிசி டிரம் இருக்கிற உள் அறைதான். அங்கே கொண்டுபோய் வைத்தேன். “இனிமே நான் அரிசி எடுக்கணும்னாலும் உங்ககிட்ட பாஸு வாங்கணுமாக்கும்” என்றாள் பெண்டாட்டி. கார்டின் மெனுவுக்குள் போய், நாலு டிஸ்க்கையும் ஒன்றாகச் சேர்த்து, அது தன்னைத் தயார் செய்துகொள்ள ஒன்றரை நாள் ஆயிற்று. ஃபேன் சத்தம் மாவு மில் ஓடுவதுபோல இருந்தது. நான் பெருமையாக அவளுக்கு விளக்கினேன். “மூணு டிஸ்க்குல அஞ்சு, ஏழு, ரெண்டுன்னு எழுதியிருக்குன்னு வையி. நாலாவதுல பதினாலுன்னு கூட்டி எழுதிக்கிரும். ஏழு அழிஞ்சு போனா? பதினாலுல அஞ்சையும் ரெண்டையும் கழிச்சா ஏழு வந்துரும்ல.”

“சரி. ரெண்டு அழிஞ்சு போனா?”

“அதெப்படி ஒரே நேரத்துல ரெண்டு அழியும்? வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு.”

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கேள்வி சரியாக இருந்தால் இன்னும் சீக்கிரம் வரும். மதுரைத் தம்பியும் சொன்னான், “அண்ணே, ரெய்டு வேற, காப்பி வேற. முக்கியமானத தனியா ஒரு காப்பி எடுத்து வச்சுக்குங்கண்ணே.” நாலு டிஸ்க் இருக்கும்போது காப்பி எதற்கு? கேசட்டு, கல்யாணம், மச்சான் குரல் எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டு, இடம் வேண்டும் என்று பழைய டிஸ்க்கைத் துடைத்துவிட்டேன். முதல் வாரத்தில் ஒரு டிரே சரியாக உட்காராமல் கார்டு வீல் வீல் என்று கத்தியது. கேஸ் கசிகிறது என்று பெண்டாட்டி தெருவுக்கே ஓடிவிட்டாள். அதனால் அந்த அலாரத்தையும் மெனுவுக்குள் போய் அணைத்து வைத்தேன். இத்தனையும் செய்தவன் நான்தான், வேறு யாரும் இல்லை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் தொழிலில் அன்றைக்கு எதையும் விடமாட்டோம். கேமரா, லென்ஸ், ஸ்டாண்டு, லைட்டு, லென்ஸ் மூடிக்குக்கூடப் பொட்டு. பெண்டாட்டி சந்தனம் கரைத்து, ரெய்டுப் பெட்டியின் நெற்றியில் ஒன்று வைத்துவிட்டுப் பூ எடுக்கப் போனாள். அக்கா மகள் அன்றைக்குக் கோயம்புத்தூரிலிருந்து லீவுக்கு வந்து பரளச்சியில் இருக்கிறாள் என்று காலையில்தான் போன் வந்திருந்தது. எனக்கு மனது நிறைந்து கிடந்தது. பெட்டியைப் பார்த்தேன். வெறும் தகரத்துக்குப் பொட்டு. உள்ளே இராப்பகலாக உழைக்கிற நாலு பேருக்கு இல்லையா? அதிலும் என் மச்சான் குரலைச் சுமந்துகொண்டு இருக்கிறவர்களுக்கு?

ஓடும்போதே உருவலாம் என்றுதானே சொன்னான். ஒரு டிரேயை உருவினேன். தூசி தட்டி, ஈரம் படாமல் துடைத்து, சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்து உள்ளே தள்ளினேன். அடுத்ததை உருவினேன். அதற்கும் அப்படியே. நாலும் முடியப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சூடம் காட்டினோம், தேங்காய் உடைத்தோம், பொரிகடலை சாப்பிட்டோம். சாயங்காலம் எதையோ பார்க்கலாம் என்று கம்ப்யூட்டரில் போய் நின்றால், அந்தப் பெரிய டிஸ்க்கைக் காணோம்.

மறுபடி போட்டுப் பார்த்தேன். கார்டு மெனுவில் இரண்டு டிஸ்க் செத்துவிட்டது என்று சிவப்பில் எழுதியிருந்தது. எனக்கு மூளை வேலை செய்யவில்லை. வாய் மட்டும் வேலை செய்தது. “மெஷினுக்கெல்லாம் பொட்டு வைக்கச் சொன்னது யாருடி?” என்று பெண்டாட்டியைப் பார்த்துக் கத்தினேன்.

“நான் டப்பா மேலதாங்க வச்சேன்” என்றாள் அவள். “உள்ள கைய விட்டுக் குடலப் புடுங்குனது யாரு?”

மதுரைத் தம்பிக்குப் போன் போட்டேன். அவன் முழுக்கக் கேட்டுக்கொண்டான். “அண்ணே, மொத டிஸ்க்க திருப்பிச் சொருகுனதும், அதுல விட்டுப்போனத அது ஆரம்பத்துல இருந்து எழுத ஆரம்பிச்சிருக்கும். முடிய ஒருநாளாவது ஆகும். அதுக்குள்ள நீங்க ரெண்டாவத உருவிட்டீக. அந்த நிமிஷமே எல்லாம் நின்னு போச்சு. இப்ப எதையும் அமுக்காதீங்க. ஆஃப் பண்ணிட்டுக் கையக் கட்டி உக்காருங்க. காலையில நான் வீடியோ கால்ல வாரேன்.”

அன்று நான் சாப்பிடவில்லை. அந்தப் பிள்ளை என் மடியிலிருந்து இறங்கிப் போனது கண்ணுக்குள்ளேயே நின்றது. இரண்டாவது தடவையும் அவள் அப்பாவை அவளுக்கு இல்லாமல் செய்துவிட்டேனே என்று வாய்விட்டுச் சொல்லி அழுதேன். பெண்டாட்டி திட்டவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

காலையில் தம்பி வீடியோ காலில் வந்தான். “அண்ணே, வழி இருக்கு. ரெண்டாவதா உருவுனது, அப்புறம் உருவுன ரெண்டு, அந்த மூணுலயும் எல்லாம் சரியா இருக்கணும். அந்த மூணை மட்டும் வச்சு, ‘உசுரோடதான் இருக்கு’ன்னு கார்டுகிட்ட நாம அடிச்சுச் சொல்லணும். மொதல்ல உருவுனத வெளிய எடுத்து வச்சிரணும். அது பாதி எழுதுனது. அதத் தெரியாம சேத்தா, கணக்கு தப்பாப் போட்டு எல்லாத்தையும் கெடுத்துரும். மொதல்ல உருவுனது எது?”

எனக்கு ஞாபகம் இல்லை. மேலேயிருந்து ஆரம்பித்தேனா, கீழேயிருந்தா? கைக்கு வந்ததை உருவினேன். நாலையும் எடுத்துப் பாயில் வரிசையாக வைத்தேன். நாலும் ஒரே கருப்பு, ஒரே அச்சு. “யோசிங்கண்ணே” என்கிறான் அவன். யோசிக்க யோசிக்க எல்லாமே முதலில் உருவியது மாதிரி இருக்கிறது.

பெண்டாட்டி பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். “இதுதாங்க மொதல்ல” என்று ஒன்றைத் தொட்டாள்.

“ஒனக்கு எப்படித் தெரியும்? நீ அங்க இல்லவே இல்லையே!”

“பொட்டப் பாருங்க. இதுக்குச் சந்தனம் அப்பி வச்சிருக்கீக. இது அதுல பாதி. இது அதுலயும் பாதி. கடைசிக்குக் கொசு ஒக்காந்த மாதிரி இருக்கு. நான் கரைச்சது அம்புட்டுக்காணு சந்தனம்தான. உங்க கை எனக்குத் தெரியாதா? மொத ஆளுக்கு அள்ளி வைப்பீக, கடைசி ஆளுக்குக் கிண்ணத்த வழிப்பீக.”

போனில் தம்பி சிரிக்கவா வேண்டாமா என்று முழித்தான். “அண்ணி சொல்றது சரிதாண்ணே. பொட்டப் பாத்து ரெய்டு சரி பண்றது எனக்கு இதான் மொதத் தடவ.” சந்தனம் அப்பிய டிஸ்க்கை எடுத்து அரிசி டிரம் மேல் வைத்தேன். மற்ற மூன்றையும் அவன் சொன்ன இடத்தில் தள்ளினேன். மெனுவில் அவன் சொன்ன வரிக்குப் போய், இரண்டாவதுக்கு உயிர் இருக்கிறது என்று அமுக்கினேன். அமுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். கம்ப்யூட்டர் ஏறியது. பெரிய டிஸ்க் வந்து நின்றது.

மற்ற கேசட்டு எல்லாம் அப்புறம். முதலில் மச்சான். பென் டிரைவ் இரண்டு, என் போன், பெண்டாட்டி போன், லேப்டாப், ஐந்து இடத்தில் ஏற்றினேன். ஏற்றிவிட்டு எழுந்தேன். தை மாதம் வரைக்கும் இனிமேல் என்னால் முடியாது. அந்தப் பிள்ளைக்குச் சாயங்காலம் கோயம்புத்தூர் பஸ். லேப்டாப்பைத் துண்டில் சுற்றிப் பெண்டாட்டி மடியில் கொடுத்து, வண்டியைப் பரளச்சிக்கு விட்டேன்.

அக்கா என்னைப் பார்த்ததும், “என்னலே இது, தைக்குத்தான சொன்னேன்?” என்றாள். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் அடுப்படி வாசலிலேயே நின்றுகொண்டாள். பிள்ளை பையில் துணி அடுக்கிக்கொண்டு இருந்தாள். உட்காரவைத்து, இன்னதுதான் என்று சொல்லிவிட்டே போட்டேன்.

திரையில் கால்கள். தண்ணீர் தெளித்த தரை, யாரோ ஒருவரின் வேட்டிக்கரை. அப்புறம் புதுச் செருப்பு. “பஸ்ஸு வந்துருச்சா? வீரசோழன் பாய் வந்தா மொதல்ல பந்தியில உக்கார வைங்க, அவுக கூச்சப்படுவாக” என்று மச்சான் பேசினார். பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டாள். “இதா மாமா? இதுதான் எங்கப்பாவா?” என்றாள். நான் அக்காவைப் பார்த்தேன். “ஆமா, அவுகதான்” என்று அடுப்படி வாசலிலிருந்து அக்கா சொன்னாள்.

பிள்ளை திரைக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். மச்சான் மேளக்காரரைப் பற்றி விசாரித்தார். யாரையோ பார்த்துச் சிரித்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார். “பொண்ணு சாப்ட்டுச்சா?” தாலி ஏறும் வரைக்கும் சாப்பிடக் கூடாது என்று யாரோ சொல்வது கேட்டது. “அட என்னங்க, விடியக்காலத்துல எந்திரிச்ச புள்ள, மயங்கி விழுந்துறப் போகுது. ரெண்டு இட்லி எலையில சுத்தி ஜன்னல் வழியாக் குடுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லீராதீக. சிரிப்பாக.”

நான் இதை ஏற்கெனவே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கல்யாண வீட்டுப் பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன். அக்கா அடுப்படி வாசலை விட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள்.

“அது அம்மா குடுத்து விட்டது இல்லையா?” என்றாள் என்னைப் பார்த்து. “ஜன்னல் வழியா ஒரு கை நீட்டுச்சு. அம்மாதான் பொறுக்கமாட்டாம குடுத்து விட்டுருக்கான்னுல இத்தன வருஷமா நெனச்சுக்கிட்டு இருக்கேன். ரெண்டு வருஷம் கூட இருந்தாகளே, ஒரு நா ஒரு பொழுது சொல்லலையே இந்த மனுசன்.”

பிள்ளை அதே இடத்துக்குத் திருப்பி ஓடவிட்டாள். மறுபடியும் புதுச் செருப்பு, மறுபடியும் அந்தத் தணிந்த குரல். “பொண்ணு சாப்ட்டுச்சா?”

“சாப்ட்டேங்க” என்றாள் அக்கா, திரையைப் பார்த்து. “ரெண்டு இட்லியும் சாப்ட்டேன்.”